ஆவணியில் வைத்த நிலை

ஜேர்மனியில், பீலெஃபெல்டில் நாங்கள் இருந்த வீட்டின் படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தது. குளிர் தொடங்கும்போது கட்டிலின் தலைமாட்டில் ஒரு கையளவு கறுப்பாகத் தெரியும். கிறிஸ்மஸ் வருவதற்குள் ஜன்னல்வரை ஏறிவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை வினாகிரி தொட்டுத் தேய்ப்பேன். தேய்த்தால் அது தூளாகப் பறந்து பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும் என்று பிறகு எங்கோ வாசித்தேன். தேய்ப்பதை விட்டேன். விட்டதால்தான் பரவுகிறது என்று தோன்றியதும் மறுபடி தேய்த்தேன். உயர்தரத்தில் தாவரவியலில் திறமைச் சித்தி பெற்றவள் நான். ஒரு சுவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. குளிர் தொடங்கினால் இழுப்பும் தொடங்கும். கழுத்துக்குக் கீழே ஒரு குழி விழுந்து விழுந்து எழும். அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு இரண்டு குளிர்காலங்கள் இருந்தேன். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பிள்ளை வைத்தியர், சப்பாத்து அளவு சரியில்லை, மாற்றுங்கள் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "இன்னொரு குளிர்காலம் இவள் அந்த அறையில் இருக்கக் கூடாது."

எங்கள் மரவீடு அந்த ஒரு வசனத்திலிருந்துதான் தொடங்கியது. கனவு, காதல், கிராமத்து அமைதி எல்லாம் பிறகு நாங்களாகச் சேர்த்துக்கொண்டவை.

முதலில் வேறு வீடு தேடினோம். பத்திரிகையில் விளம்பரம் பார்த்து நான்தான் ரெலிபோன் எடுப்பேன். என் பெயரைச் சொல்லும்வரை வீடு காலியாக இருக்கும். சொன்னதும் நேற்றுத்தான் யாரோ எடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். அகதிகள் முகாமிலிருந்து வெளியே வந்து, அந்தஸ்தும் கிடைத்து, நாட்டின் எந்த மூலையிலும் இருக்கலாம் என்று கடதாசியும் கையில் இருந்தது. மூலைகள்தான் எல்லாம் ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தன.

என் கணவர் நகரத்துக்கு வெளியே ஒரு மர ஆலையில் வேலை செய்தார். ஊரில் வங்கியில் எழுதுவினைஞராக இருந்தவர், இங்கே மரத்தூளோடு வீட்டுக்கு வந்தார். அதைக் குறையாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆலையின் வயதான தலைமைத் தச்சருக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. எல்லோரும் அந்த மனிதரை மைஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே. பிள்ளையின் விஷயம் கேள்விப்பட்டு, தன் வீட்டுக்குப் பக்கத்தில், உருளைக்கிழங்கு வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் கிடந்த தன் காணித் துண்டை நீண்ட காலக் குத்தகைக்குத் தருவதாக அவராகவே சொன்னார். "மரம் ஆலையில் இருக்கிறது, கை உன்னிடம் இருக்கிறது, கட்டு" என்றாராம். கட்டட அலுவலகத்தில் வேலைக்குப் பொறுப்பாகத் தன் பெயரையே எழுதிக் கையெழுத்தும் வைத்தார். என் கணவரிடம் அதற்கான சான்றிதழ் எதுவும் இருக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் ஆலை முற்றத்தில் மரம் செதுக்கினார்கள். முழு மரங்களைப் பட்டை உரித்து, நுனிகளில் வெட்டுப் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது. மூலைகளில் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். இடையில் சணல் வைப்பார்கள். சீமெந்து இல்லை, கல் இல்லை. மரம் ஈரத்தைக் குடித்து வெளியே விட்டுவிடும், சுவரில் பூஞ்சணம் வராது என்று மைஸ்டர் சொன்னார். எனக்கு அந்த வீட்டில் பிடித்தது அது ஒன்றுதான். என் கணவருக்கு அப்படியல்ல. ஆலையின் பழைய கட்டளைத் தாள்களின் பின்பக்கத்தில் அந்த வீட்டை வரைந்துகொண்டே இருப்பார். ஒரு தடவை ஜன்னலுக்குள் என்னையும் வரைந்திருந்தார்.

என் ஜேர்மன் அவருடையதைவிட நல்லது. மாலை வகுப்புக்குப் போய்ப் படித்திருந்தேன். அதனால் முக்கியமான பேச்செல்லாம் என் வழியாகத்தான் நடக்கும். மைஸ்டர் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், அவர் சொல்வதை ஜேர்மனில் சொல்வேன். ஒருநாள் மைஸ்டர் எங்கள் மேசையில் காலைச் சாப்பாட்டுப் பாண் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளங்கையால் மெல்ல அமர்த்திக் காட்டினார். இந்தச் சுவர் உயிருள்ள மாதிரி, முதல் குளிர்காலத்தில் அடுப்பு எரிய எரிய மரம் காய்ந்து ஒடுங்கும், சுவர் நாலு விரற்கடை கீழே இறங்கும் என்றார். பிறகு ஒரு தீப்பெட்டியைப் பாண் அடுக்கின் நடுவில் நிமிர்த்தி வைத்தார். இதுதான் கதவுச் சட்டம், இது ஒடுங்காது என்றார். அதனால் சுவரை முதலில் எழுப்பி, வாசலைப் பிறகு வெட்டி, சட்டத்தைக் கடைசியாக வைக்க வேண்டும். அதில் ஆணி அடித்துச் சுவரைப் பிணைக்கக் கூடாது. மேலே நாலு விரல் இடைவெளி விட்டு, ஆட்டுரோமம் அடைத்து, பலகையால் மறைக்க வேண்டும். சுவர் அந்த இடைவெளிக்குள் இறங்கிக்கொள்ளும்.

ஒரு சொல் பிசகாமல் நான் தமிழில் சொன்னேன். எனக்கு நன்றாக விளங்கியது. அந்த மேசையில் இருந்த மூன்று பேரில் எனக்குத்தான் அதிகம் விளங்கியது என்றுகூடச் சொல்லலாம். இதை நான் மறைப்பதற்கில்லை.

ஆவணி பிறந்தபோது அத்திவாரம் தயாராக இருந்தது. மைஸ்டர் இடுப்பு வலிக்கு மூன்று வாரம் வெந்நீர்ச் சிகிச்சைக்குப் புறப்பட்டார். போகும்போது, "சுவரை எழுப்பிக்கொண்டே போங்கள். வாசலில் கை வைக்க வேண்டாம், நான் வந்து வெட்டுகிறேன்" என்றார்.

அவர் போன இரண்டாம் நாள் அம்மாவின் கடிதம் வந்தது. நிலை வைப்பதற்கு நாள் பார்த்து அனுப்பும்படி வைகாசியில் எழுதியிருந்தேன். ஏன் எழுதினேன்? எழுதாமல் எப்படி இருப்பது? எங்கள் பக்கத்தில் வீடு என்பது வாசல் நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. சுவர் எழும்ப முன்னமே கதவு நிலையை நிறுத்தி, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, அதன் இரு பக்கமும் சுவரைக் கட்டிக்கொண்டு போவார்கள். நிலை வைத்த நேரம்தான் வீட்டின் நேரம். வைத்த நிலையை எடுப்பதைப் போல ஆகாத காரியம் வேறில்லை. அம்மா எழுதியிருந்தார்: ஆவணியில் ஒரு வியாழன், காலை, ஒன்றரை மணித்தியாலத்துக்குள். சாத்திரியார் வீட்டுக்குப் போன அன்று வழியில் செல் குண்டு விழுந்ததாம். ஒரு மதகுக்குக் கீழே இருந்துவிட்டு, பிறகு எழும்பிப் போய்க் கேட்டு வந்தாராம். கடிதத்தில் அதற்கு ஒரு வரிதான்.

அந்த வரியை வாசித்துவிட்டு அந்த நாளைத் தவறவிட என்னால் முடியவில்லை. முடிந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போதும் நினைத்தேன்தான்.

"மைஸ்டர் கடைசியிலதானே வைக்கச் சொன்னவர்," என்றார் என் கணவர்.

"நிலை வைக்காமல் சுவர் எழுப்பின வீட்டை எங்கயாவது கண்டிருக்கிறியளோ?"

"இது மரவீடு."

"மரவீட்டுக்குள்ள இருக்கப்போறது ஆர்? மரமோ, பிள்ளையோ?"

பிள்ளை என்று சொன்னதும் அவர், வியாழனே வைப்போம் என்று விட்டுக்கொடுத்தார். அந்தச் சொல்லை நான் அப்படிப் பாவித்தது அதுதான் முதல் தடவை என்று சொல்லமாட்டேன்.

வியாழக்கிழமை உதவிக்கு எசன் நகரத்திலிருந்து எங்கள் ஊர் அண்ணை ஒருவர் வந்தார். ஊரில் மேசன் வேலை செய்தவர், நூறு வீட்டுக்கு நிலை வைத்தவர். இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பல வருடத்துக்குப் பிறகு கையில் தூக்குநூல் பிடித்தார். முகம் பளிச்சென்று இருந்தது.

"கடைசியிலயோ கதவு வைக்கிறது?" என்று மைஸ்டர் வரைந்து தந்திருந்த வீட்டுப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "அதுதான் தங்கச்சி, ஜேர்மன்காரன்ர வீட்டுக்குள்ள ஒருத்தராலயும் போக ஏலாமல் கிடக்கு. உள்ளுக்கு இருந்துகொண்டெல்லோ வாசல் வெட்டுறான்!"

"அண்ணை, மேல நாலு விரல் வெளி விடவேணுமாம்," என்றார் என் கணவர்.

"விட்டு? காகம் கூடு கட்டவோ? நிலைக்கும் சுவருக்கும் இடையில நூல் போகக்கூடாது தம்பி. என்ர கையால வைச்ச நிலை ஒண்டும் இண்டைவரைக்கும் ஆடினதில்லை. குண்டு விழுந்த வீடுகளில சுவர் போச்சு, நிலை நிண்டது. கேட்டுப் பாரும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். தீப்பெட்டியும் பாணும் என் கண்ணுக்குள் நின்றன. நேரம் போய்க்கொண்டிருந்தது. "அண்ணை சொல்லுறபடி செய்யுங்கோ," என்றேன்.

மாவிலைக்குப் பதிலாகச் செரி இலை கட்டினோம். பூவரசந்தடி கிடைக்கவில்லை, அதற்கும் காட்டிலிருந்து ஏதோ ஒரு தடி. துருக்கிக் கடையில் வாங்கிய தேங்காய் அழுகலாக இருக்குமோ என்று இரவு முழுக்கப் பயந்திருந்தேன். உடைத்தால் வெள்ளையாக இருந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! தனியாக நின்ற நிலை காற்றுக்கு ஆடியது. அது ஆடாமலிருக்க, ஏறிக்கொண்டு வந்த ஒவ்வொரு மரத்தையும் இரு பக்கமும் நீள ஆணியால் நிலையோடு இறுக்கினார்கள். நிலையின் தலைக்கு மேலே வந்த மரத்தை இடைவெளி இல்லாமல் அதன்மேலேயே குந்த வைத்தார்கள். அண்ணை ஒரு நூலை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. பிறகு என் கணவர் செதுக்கிய தாமரைப் பலகையை மேலே அடித்து, நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

மைஸ்டர் திரும்பி வந்தபோது நான்கு சுவரும் எழும்பியிருந்தன. வாசலின் முன்னால் வந்து நின்றார். கோபப்படவில்லை. ஆச்சரியமாகப் பார்த்தார். எங்கள் வழக்கத்தை நான் விளக்கினேன். நல்ல வழக்கம் என்றார். பிறகு, "இடைவெளி விட்டீர்கள்தானே? ஆணி எதுவும் இல்லையே? அந்தப் பலகையைக் கழற்றி ஒருதரம் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

என் கணவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். மைஸ்டர் கேட்டது அவருக்கும் விளங்கியது. அந்த அளவு ஜேர்மன் அவருக்குத் தெரியும்.

நான் அந்த நேரத்தில் என்னவெல்லாம் நினைத்தேன் என்று பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நிலையைக் கழற்றச் சொல்வார். வைத்த நிலையைக் கழற்றினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும். அம்மா மதகுக்குக் கீழே இருந்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். விளங்கிக்கொண்டே பிழை விட்டவள் என்று இந்த மனிதர் என்னைப் பார்ப்பார். இவற்றில் எது முதலில் வந்தது என்று எனக்கு நிச்சயமில்லை. கடைசியில் சொன்னதுதான் முதலில் வந்திருக்கும் என்று சில வேளை தோன்றுகிறது.

"இடைவெளி இருக்கிறது, ஆணி இல்லை," என்றேன். "பலகை பூசை செய்தது. கழற்றக் கூடாது."

மைஸ்டர் உடனே கையை எடுத்துக்கொண்டார். தொட்டதற்கு மன்னிப்பும் கேட்டார். அந்த வாரமே அலுவலகத்துக்குப் போகவேண்டிய கடதாசியில், எல்லாம் முறைப்படி என்று கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில், ஒருவேளை மரம் இறங்காதோ என்று என் கணவர் ஒருதரம் சொன்னார்.

பழைய வீட்டை விட்டுவிட்டு, கார்த்திகையில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். முதல் மூன்று கிழமை நல்லாக இருந்தது. பிள்ளை வாய் மூடித் தூங்கினாள். சுவர் தொட்டால் சூடாக இருந்தது. என் கணவர் ஆலையிலிருந்து வந்ததும் மூலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். நான் சொன்ன பொய் பலித்துவிட்டது என்றே நம்பத் தொடங்கினேன்.

பிறகு வீடு சத்தம் போடத் தொடங்கியது. அடுப்பு எரியும்போது எங்கோ ஒரு மரம் டக்கென்று இறங்கும். மைஸ்டர் சொன்னபடியே மூன்று சுவர் இறங்கின. முன்சுவர் இறங்கவில்லை. நிலையில் தொங்கிக்கொண்டு நின்றது. அந்தச் சுவரில் மரங்களுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தது. முதலில் காகிதம் நுழையும் அளவு, பிறகு விரல் நுழையும் அளவு. வயல் காற்று நேரே உள்ளே வந்தது. நான் பழைய சேலைகளைக் கிழித்து அடைத்தேன். மைஸ்டர் எங்கள் பக்கம் வந்தால் பிள்ளை தூங்குகிறாள் என்று வெளியிலேயே நிறுத்திப் பேசினேன். மார்கழியில் சேலைத் துணிகள் நனைந்து விறைத்தன. பிள்ளைக்கு மறுபடி இழுப்பு வந்தது.

ஒரு காலை என் கணவர் வேலைக்குப் போக எழும்பியபோது பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. கழுத்துக் குழி நிற்காமல் எழும்பி விழுந்தது. அவளைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கதவு திறக்கவில்லை. மேலே கூரையின் பாரம் முழுக்க நிலையின் தலையில் இருந்தது, தலை வளைந்து கதவை நெரித்துக்கொண்டிருந்தது. என் கணவர் தோளால் இடித்தார், காலால் உதைத்தார். ஆணி அடித்து இறுக்கிய கதவைப் போலக் கிடந்தது.

பக்க ஜன்னலைத் திறந்து மைஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் உள்ளங்கியோடு பனிக்குள் ஓடி வந்தார். பிள்ளையை ஜன்னல் வழியாக அவர் கையில் கொடுத்தேன். நானும் ஜன்னலால் இறங்கி ஓட, தன் காரிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் பிள்ளையோடு ஜேர்மனில் ஏதோ பேசிக்கொண்டு போனார்.

பிள்ளை பிழைத்தாள். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அதற்குள் மைஸ்டர் கடப்பாரையால் தாமரைப் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரி நடைவழியில் வந்து, "ஆணிகளைக் கண்டேன்" என்றார். "நீங்கள் இல்லை என்றீர்கள். உங்கள் சொல்லை வைத்து நான் கையெழுத்துப் போட்டேன்." அதுவரை ஒரு மகளைப் போல என்னை நீ என்றுதான் பேசுவார். அன்றைக்கு நீங்கள் என்றார். அதன் பிறகு என்றைக்கும் அப்படியே.

கட்டட அலுவலகம் அவருக்கு ஒரு கடுமையான கடிதம் அனுப்பியது. நாற்பது வருட வேலையில் அதுதான் அவருக்கு வந்த முதல் கடிதம் என்று அவர் மனைவி சொன்னார். கூரைக்கு முட்டுக் கொடுத்து, வீட்டில் யாரும் இருக்கக்கூடாது என்று வாசலில் ஒட்டினார்கள். நாங்கள் எசனில் அண்ணையின் இருப்பறையில் மூன்று மாதம் பாய் போட்டுக் கிடந்தோம்.

அண்ணைக்குத் தன் கைமேல் சந்தேகமே வரவில்லை. "பிழை மரத்தில தங்கச்சி. கல்லு வீடெண்டால் இப்பிடி வருமோ? நிலை அசைஞ்சதோ? இல்லையே. சுவரெல்லோ அசைஞ்சது!"

என் கணவர் பாயில் இருந்தபடி சொன்னார்: "ஓம் அண்ணை. நிலை நல்லாத்தான் நிண்டது."

அதைக் கேட்டு அண்ணை சிரித்தார். எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

பங்குனியில் மைஸ்டரும் என் கணவரும் நிலையை அறுத்து எடுத்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய் வயல் ஓரத்தில் பிள்ளையோடு நின்றேன். முட்டுகளை மெல்ல இறக்க, முன்சுவர் ஒரு பெருமூச்சுப் போல இறங்கி அமர்ந்தது. அவ்வளவுதான். ஒரு பகல் வேலை. ஆவணியில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கும் ஒரு பகல் வேலைதான். புது நிலையை நாள் பாராமல், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வைத்தார்கள். அம்மாவுக்கு இதை நான் எழுதவில்லை. வீடு நல்லாக இருக்கிறது என்று மட்டும் எழுதினேன்.

அந்தக் கோடையில் என் கணவர் வேலை முடிந்து ஜேர்மன் வகுப்புக்குப் போகத் தொடங்கினார். களைத்து விழுந்து வருவார். நான் சொல்லித்தருகிறேனே என்றேன். "தேவையில்லை, அங்க வடிவாச் சொல்லித் தருகினம்," என்றார். அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்க்க வருவதற்கு ரெர்மின் என்று நாள் குறித்திருந்த அன்று, தாள் ஒன்றில் எழுதிவைத்த வசனங்களோடு அவரே வாசலில் நின்றார். அதிகாரி கேட்டதற்கெல்லாம் பிழை பிழையாகப் பதில் சொன்னார். ஒரு இடத்தில் சொல் வராமல் திணறியபோது நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சொல்லாமல், பலகையைக் கழற்றி நாலு விரலை இடைவெளிக்குள் விட்டுக் காட்டினார். அதிகாரி தலையாட்டிக் கையெழுத்து வைத்தார்.

நாங்கள் திரும்பக் குடிபோனோம். அடுத்த குளிர்காலம் முழுக்க மகளுக்கு ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. மாசியில் வைத்தியரிடம் கொண்டுபோனேன். நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, சுத்தமாக இருக்கிறது, இனி மருந்து வேண்டாம் என்றார். வயல் வழியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடி வந்தேன். என் கணவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, நெஞ்சு சுத்தமாம். மருந்து வேண்டாமாம்."

அவர் விறகைக் கீழே வைத்தார். பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"டொக்டர் சொன்னவரோ, இல்லாட்டி நீர் சொல்லுறீரோ?"

நான் கைப்பையிலிருந்து வைத்தியர் எழுதித் தந்த கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். அவர் உள்ளே போய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.